அக்டோபர் மாதத்துப் பேய்ப் படங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் ‘நோஸ்ஃபெராட்டு’ பார்த்தேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அதற்கு வந்த பதில்களைப் படித்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். “டீச்சர், நீங்க பேய்ப் படமெல்லாம் பார்ப்பீங்களா?” என்று பாதிப் பேர். “அத்தை, இந்த வயசுல இது எதுக்கு, ராத்திரி தூக்கம் வருமா?” என்று நாகையிலிருந்து என் அண்ணன் மகள். 94-ஆம் வருஷத்து செட் பையன் ஒருவன் மட்டும், “எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவங்கடா நம்ம டீச்சர்” என்று எழுதியிருந்தான். விலங்கியல் ஆய்வகத்தில் வேறு எங்கே உட்காருவதாம்? இடம் அவ்வளவுதான் இருந்தது.

என்னென்ன படம் பார்க்கலாம், பட்டியல் கொடுங்கள் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டியல் வராது, கதைதான் வரும். வகுப்பிலும் அப்படித்தானே.

நான் இப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே செப்டம்பர் முடிவதற்குள் வாசல்தோறும் எலும்புக்கூடுகள் வந்துவிடுகின்றன. புல்வெளியில் அட்டைக் கல்லறைகள், மரக்கிளையில் வெள்ளைத் துணிப் பேய்கள், படிக்கட்டில் பூசணிக்காய்கள். எங்கள் வீட்டுக்குள் கொலு, வெளியே மண்டையோடு. கடையில் சிலந்தியின் எலும்புக்கூடு என்று ஒன்று விற்கிறார்கள். சிலந்திக்கு ஏதப்பா எலும்பு? நாயின் எலும்புக்கூட்டுக்குக் காதும் எலும்பாலேயே வைத்திருக்கிறார்கள். காது மடல் குருத்தெலும்பு, மண்டையோட்டில் அது நிற்காது என்று கடையில் இருந்த பெண்ணிடம் சொல்லப் போனேன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31. மறுநாள் எல்லாப் புனிதர்களின் நாள், அதற்கும் மறுநாள் இறந்தவர்களின் நாள். நவம்பர் 2-இல் நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்று கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்களே, அந்த நாள்தான். வேளாங்கண்ணிப் பக்கமிருந்து வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி வந்த பிறகு அது பூசணிக்காய் ஆனது. இப்போது மிட்டாய்தான் முக்கியம், செத்தவர்கள் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள்.

சரி, படங்களுக்கு வருகிறேன். ஆனால் நான் இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடியாது.

உங்கள் கணக்கு சார் காலமானது ஏப்ரலில். அந்த செப்டம்பரில் மகள் வந்து என்னை இங்கே அழைத்து வந்தாள். எதிர்வீட்டுக்காரர் புல்வெளியில் ஆறு கல்லறை நட்டு வைத்திருந்தார், என் அறை ஜன்னலுக்கு நேராக. மகள் என் ஜன்னல் திரையை இறக்கிவிட்டாள். காலையில் நான் ஏற்றுவேன், சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் இறங்கியிருக்கும். வீட்டில் யாரும் ‘செத்து’ என்ற சொல்லையே சொல்ல மாட்டார்கள். பேரன் விளையாட்டில் தோற்று “செத்துட்டேன்” என்று கத்தினால் மாப்பிள்ளை அவனுக்குக் கண்ணைக் காட்டுவார். எல்லாம் என் மேல் உள்ள பாசம்தான், தெரியும். சார் பேச்சை எடுத்தால் நான் உடைந்துபோவேன் என்று அவர்களுக்குப் பயம். ஆனால் நாற்பத்தொரு வருஷம் கூடவே இருந்த மனிதரைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் நான்கு பேர் ஒரே மேஜையில் சாப்பிடுவது இருக்கிறதே, எந்தப் பேய்ப் படத்திலும் அவ்வளவு அமைதி கிடையாது.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு படம் என்பது இந்த வீட்டு வழக்கம். பேரனுக்கு அப்போது பதினொரு வயது. அக்டோபர் வந்ததும் “இந்த மாசம் பயப்படுற படம் பாட்டி, நீங்க போய்ப் படுத்துக்குங்க” என்றான். போடுடா பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இது மூன்றாவது அக்டோபர்.

முதலில் போட்டது குழந்தைப் படம்தான். சார்லி பிரவுன் கதையில் வரும் லைனஸ் என்ற பையன், பூசணித் தோட்டத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருப்பான், பெரிய பூசணிக்காய் எழுந்து வந்து பரிசு கொடுக்கும் என்று. 1966-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த கார்ட்டூன். அரை மணிதான், ஆனால் நம்பிக்கை வைத்தவனைப் பார்த்து ஊர் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’. அதிலும் ஹாலோவீன் வரும். வேற்றுக்கிரகத்து உயிரை வெள்ளைத் துணியால் மூடி, தங்கச்சிதான் பேய் வேஷம் போட்டிருக்கிறாள் என்று அம்மாவை ஏமாற்றி, தெருவில் அழைத்துப் போவார்கள். ஊரே வேஷம் போட்டிருக்கும் ஒரு நாளில்தான் அது பயமில்லாமல் நடக்க முடிந்தது.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தது ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’. 1944-இல் வந்தது, வின்சென்ட் மின்னெலி இயக்கம். இது பேய்ப் படமே இல்லை. ஜூடி கார்லண்ட் பாடும் குடும்பப் படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது டூட்டி என்ற கடைக்குட்டியின் படம். மார்கரெட் ஓ’பிரையன் என்ற சிறுமி நடித்தது, அந்த வருஷத்துக் குழந்தை நடிகருக்கான சிறப்பு ஆஸ்கர் அவளுக்குக் கிடைத்தது. இந்த டூட்டிக்கு எந்நேரமும் சாவு பற்றிய நினைப்புதான். அவள் பொம்மைக்கு ஒரே சமயத்தில் நான்கு வியாதி, நான்கும் உயிரைக் குடிக்கிற வியாதி. பொம்மை செத்ததும் எவ்வளவு அழகாக அடக்கம் செய்யப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வருவாள்.

கதை நடப்பது 1903-இல். அந்தக் கால ஹாலோவீனில் மிட்டாய் கிடையாது. பிள்ளைகள் தெருவில் பழைய மரச்சாமானைப் போட்டுச் சொக்கப்பனை மாதிரி எரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, திறந்தவர் முகத்தில் மாவை வீச வேண்டும். அப்படி வீசினால் அவரைக் ‘கொன்றுவிட்டதாக’க் கணக்கு. தெருவே பயப்படுகிற ஒரு வீடு இருக்கிறது. பெரிய பையன்களே போக மாட்டேன் என்கிறார்கள். யாரும் சேர்த்துக்கொள்ளாத டூட்டி, நான் போகிறேன் என்று கிளம்புகிறாள். காற்று, சருகு, இருட்டு. கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது. தெரு நீண்டுகொண்டே போகிறது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்னக் குழந்தையின் பயத்தை இவ்வளவு மரியாதையோடு எடுத்த காட்சியை நான் வேறு பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: “பொம்மைக்கு எதுக்கு பாட்டி அந்தப் பொண்ணு சடங்கு பண்ணுது?” நானும் சின்ன வயதில் செத்த அணிலுக்குச் செய்திருக்கிறேன், வாழை மட்டையில் பாடை கட்டி, என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, “தாத்தாவுக்கு என்னல்லாம் பண்ணாங்க?” என்றான். ஏப்ரலில் மகள் மட்டும்தான் விமானம் பிடித்து வந்தாள். இவனுக்குப் பள்ளிக்கூடம். தாத்தா இருந்தார், பிறகு இல்லை, நடுவில் ஒன்றுமே அவனுக்குத் தெரியாது. நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஐஸ் பெட்டி, வாசலில் பந்தல், பழைய மாணவர்கள் வரிசையாக நின்றது, தோள் கொடுக்க நீங்கள் போட்டி போட்டது, மண்பானையில் தண்ணீர் வைத்துத் துளை போடுவது எதற்கு என்பது வரை. பானையில் எத்தனை துளை என்று கேட்டான். மூன்று என்றேன். மகள் அப்போது மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான்தான் படம் தேட ஆரம்பித்தேன்.

‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 1931-இல் வந்தது, ஜேம்ஸ் வேல் எடுத்தது. ஆசிரியர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய படம் என்பேன். அதில் பூதமாக நடித்த போரிஸ் கார்லஃப் பெயரை ஆரம்பத்தில் போட மாட்டார்கள், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். ஏரிக்கரையில் ஒரு சிறுமி அந்தப் பூதத்தோடு பூப்போட்டு விளையாடுவாள். பூவைத் தண்ணீரில் எறிந்தால் மிதக்கிறது. பூ தீர்ந்துபோகிறது. சிறுமியும் பூ மாதிரி அழகாகத்தானே இருக்கிறாள், அவளும் மிதப்பாள் என்று அது நினைத்துவிடுகிறது. தணிக்கைக்காரர்கள் அந்தக் கடைசி நொடிகளை வெட்டினார்கள். வெட்டியதால், அது அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி நின்றுபோய், பார்த்தவர்கள் இன்னும் மோசமாக எதையெதையோ கற்பனை செய்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் வெட்டியதைச் சேர்த்தார்கள். முழுக் காட்சியையும் பார்த்தால் அதன் முகத்தில் வருவது திகைப்பு மட்டுமே. சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத மாணவன் அது. உருவாக்கியவன் ஆய்வகத்தை விட்டு ஓடிவிட்டான்.

பயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ‘கேட் பீப்பிள்’ பாருங்கள், 1942. தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர். கையில் பணம் குறைவு, அதனால் மிருகத்தைப் பெரும்பாலும் காட்டாமலே ஓட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் காலடிச் சத்தம். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. சத்தம் நின்றதுதான் பயம். நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் — பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது! இந்த உத்திக்கு இன்றைக்கும் சினிமாக்காரர்கள் ‘லூட்டன் பஸ்’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள். பேரன் நான்கு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தான். அடுத்தது நீச்சல் குளம். தண்ணீரின் வெளிச்சம் சுவரில் ஆடுகிறது, எங்கோ ஓர் உறுமல், வேறு ஒன்றும் கிடையாது. எங்கள் இருவருக்கும் அன்றைக்கு வியர்த்துவிட்டது.

‘நோஸ்ஃபெராட்டு’ 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ஊமைப் படம். டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல், பெயரை மட்டும் மாற்றி எடுத்தார்கள். நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளையெல்லாம் அழிக்க வேண்டும் என்று 1925-இல் தீர்ப்பு. ஆனாலும் அங்கங்கே தப்பிய பிரதிகளால் படம் பிழைத்துக்கொண்டது. பிணம் எழுந்து வருகிற படத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? எடுத்த கம்பெனியின் பெயர் பிராணா. நம் பிராணன்தான். ரத்தக்காட்டேரி வெயில் பட்டால் அழிந்துவிடும் என்று இன்றைக்குக் குழந்தைகூடச் சொல்கிறது அல்லவா, அது இந்தப் படத்திலிருந்து வந்தது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான்.

பேரன் தூங்கிய பிறகு மாப்பிள்ளையும் நானும் பார்த்தவை இரண்டு. ஒன்று ‘ஹாலோவீன்’, 1978, ஜான் கார்பென்டர். சின்னப் பட்ஜெட். கொலைகாரன் போட்டிருக்கும் முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க்கின் முகமூடியைக் கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளையடித்தது. படமெடுத்தது கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். அதனால் சருகுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி வைத்து, மறுபடி தூவியிருக்கிறார்கள். கதையில் வரும் ஊருக்கு ஹேடன்ஃபீல்டு என்று பெயர். உடன் எழுதிய டெப்ரா ஹில் பிறந்த ஊர் அது, இந்த நியூ ஜெர்சியில்தான் இருக்கிறது. இசையும் கார்பென்டரே. பியானோவில் ஐந்து தட்டு. பாட்டு கற்ற பிள்ளைகள் தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. நாலுக்குப் பழகிய காதுக்கு அது எங்கேயும் உட்காராது, அதனால்தான் அவ்வளவு உறுத்துகிறது.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது கத்தி இல்லை, டாமி என்ற சின்னப் பையன். ஜன்னல் வழியாக அவன் பூச்சாண்டியைப் பார்த்துவிடுகிறான். சொல்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ளும் லாரி, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, போய் டிவி பார் என்கிறாள். நல்ல பெண்தான், பாசமாகத்தான் சொல்கிறாள். ஆனால் அவன் பார்த்தது உண்மை. குழந்தைகளிடம் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லும் பெரியவர்கள் எல்லோரையும் அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’, 1968, பிட்ஸ்பர்க் பக்கம் எடுத்தது. செத்தவர்கள் எழுந்து வருவார்கள், ஒரு வீட்டுக்குள் சிலர் ஒளிந்திருப்பார்கள். வெளியே இருக்கும் பிணங்களைவிட உள்ளே நடக்கும் சண்டைதான் மோசம். கதாநாயகன் டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலில் சுடப்பட்டார், இந்தப் படம் அக்டோபரில் வந்தது. கடைசி ஐந்து நிமிஷத்தை அன்றைக்கு அந்த நாட்டில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஜோன்ஸ் பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்தினார், நம்ம ஆள். படத்தின் பெயரை மாற்றும்போது காப்புரிமை வரி விட்டுப்போனதால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. சிறு பிள்ளைகளோடு வேண்டாம்.

ஆட்களை எண்ணி எண்ணி அறுக்கிற படங்கள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தவளையையே நாங்கள் குளோரோஃபார்ம் கொடுத்துவிட்டுத்தான் அறுத்தோம்.

இனி ‘த சிக்ஸ்த் சென்ஸ்’. 1999. எடுத்தவர் மனோஜ் நைட் ஷ்யாமளன். பிறந்தது மாஹேயில், காரைக்கால் மாதிரி அதுவும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். அம்மா தமிழ், அப்பா மலையாளம், இருவரும் டாக்டர்கள். வளர்ந்தது ஃபிலடெல்ஃபியா பக்கம், படம் நடப்பதும் ஃபிலடெல்ஃபியாவில், இங்கிருந்து காரில் போய் வந்துவிடலாம். செத்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பையனின் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த முடிவைவிட அதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் கார் காட்சி பெரிது. எங்கோ விபத்து, வண்டிகள் நின்றுவிட்டன. காருக்குள் அம்மாவும் பையனும். அப்போதுதான் பையன் முதல்முறையாக அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான். நம்ப மாட்டாள் என்று தெரிந்ததும், இறந்துபோன பாட்டி சொல்லி அனுப்பிய ஒரு விஷயத்தைச் சொல்கிறான். சின்ன வயதில் நீ ஆடியதைப் பாட்டி பின்னால் நின்று பார்த்தாராம், நீதான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாய். பிறகு, கல்லறையில் போய் நீ கேட்ட கேள்விக்குப் பாட்டியின் பதில் இது, என்கிறான். டோனி கோலெட் என்ற அந்த நடிகையின் முகத்தைப் பாருங்கள். ரத்தமும் இல்லை, பின்னணி அலறலும் இல்லை.

போன வருஷம் அக்டோபரில் இதைப் பார்த்தோம், பேரனுக்குப் பன்னிரண்டு. மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சி முடிந்ததும் பேரன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். திரையைப் பார்த்தபடியே சொன்னான்: “பாட்டி, தாத்தா கடைசி வீடியோ கால்ல ஒரு கணக்குக் கேட்டார். நான் கேம்ல இருந்தேன். அப்புறம் சொல்றேன்னு கட் பண்ணிட்டேன்.”

ஒன்றரை வருஷமாக இந்தப் பிள்ளை இதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது. “அதெல்லாம் ஒண்ணுமில்லடா” என்று சொல்ல வாய் வரவில்லை. போனுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைச் சொன்னேன். தாத்தா போனைத் தலையணைமேல் வைத்தார். “பய ஆட்டத்துல இருக்கான், நாளைக்குச் சொல்லுவான்” என்று சிரித்தார். ரசம் சாதம் கேட்டு நான்கு வாய் சாப்பிட்டார். பிறகு அதே கணக்கை என்னிடம் கேட்டார். பத்தடிக் கிணறு, பகலில் மூன்றடி ஏறி ராத்திரி இரண்டடி வழுக்குகிற நத்தை, எத்தனையாவது நாள் வெளியே வரும்? நத்தை எதற்குக் கிணற்றுக்குள் போனது என்று நான் கேட்டேன். “உனக்குக் கணக்கு சொன்னேன் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சிரித்தது உண்மை, நான் கூட்டிச் சொல்லவில்லை.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. மகள் ஈரக் கையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். பேரன் “பத்து நாள்” என்றான். பிறகு, “இல்ல, இருங்க” என்று விரல் விட்டு எண்ணி, “எட்டு” என்றான். மகள் அழுதாள், நானும்தான். பிறகு அவள், தாத்தா தன்னை டேப் கட்டை ஸ்கேலால் அடித்த கதையைச் சொன்னாள், நான் கேள்விப்படாத கதை. படத்தின் மிச்சத்தை மறுநாள்தான் பார்த்தோம்.

இந்த வருஷ நிலவரம்: எதிர்வீட்டில் கல்லறை எட்டாகிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை ‘த இன்னொசென்ட்ஸ்’, 1961, டெபோரா கெர் நடித்தது, கறுப்பு வெள்ளை. நான் முன்பே பார்த்துவிட்டேன், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டியது. 31-ஆம் தேதி மிட்டாய்க் கூடையோடு வாசலில் உட்காருவது என் வேலை. பேரன் பேய் வேஷத்துக்கு வெள்ளைத் துணி கேட்கிறான். சாரின் எட்டு முழ வேட்டி ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதில் கண்ணுக்கு ஓட்டை போடலாமா கூடாதா என்று அம்மாவும் பிள்ளையும் மூன்று நாளாக வாதாடுகிறார்கள். நான் போடச் சொல்லிவிட்டேன்.

உங்களுக்குப் பிடித்த படத்தைக் கீழே எழுதுங்கள், மூன்று வெள்ளிக்கிழமை பாக்கி இருக்கிறது. ‘சந்திரமுகி’ மட்டும் வேண்டாம். அதை உங்கள் சார் டிவியில் வந்தபோதெல்லாம் என்னைப் பார்க்க வைத்துவிட்டார்.